ஜுஜுனா ஏறக்கூடிய வண்டி

வண்டி வாங்கப் போகிறான் என்று தெரிந்ததும் இமேதாவுக்கு ஆலோசனை சொல்லாத ஆளே அல்வானியில் இல்லாமல் போனது. ரொட்டி வாங்க நின்றால் ஒருவன் டயரைப் பற்றி ஆரம்பித்தான். மாமனார் கல்லறையில் மது ஊற்றிவிட்டு நிமிர்ந்தால் பக்கத்துக் கல்லறைக்காரன் டீசலா பெட்ரோலா என்று கேட்டான். கல்லறைக்காரன் என்றால் உயிரோடு இருப்பவன்தான். தன் அப்பாவுக்கு மது ஊற்ற வந்தவன். குளிருக்கு அடிவாரத்தில் ஒரு வீடு, கோடைக்கு மலைக்கு அந்தப்பக்கம் துஷெத்தியில் ஒரு வீடு என்று வாழ்கிற ஊர் இது. நடுவே அபானோ கணவாய். அதை ஏறி இறங்காமல் இங்கே யாருக்கும் பிழைப்பு இல்லை, அதனால் வண்டி விஷயத்தில் யாரும் வாயை மூடிக்கொண்டு இருப்பதும் இல்லை.

இமேதாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவனுடைய பழைய ஜீப் ராணுவ ஏலத்தில் எடுத்தது. தரை துருப்பிடித்து, கால் வைக்கிற இடத்தில் ரோடு தெரிய ஆரம்பித்த பிறகும் இரண்டு கோடை ஓட்டினான். போன இலையுதிர் காலத்தில் கோழி அடைக்க ஆகும் என்று ஒருவன் வந்து இழுத்துப் போனான். அன்றைக்கு இமேதா வாசலுக்கே வரவில்லை. கொல்லையில் நின்று, ஏற்கெனவே பிளந்து வைத்த விறகை மறுபடி பிளந்துகொண்டிருந்தான்.

புது வண்டி நான்கு வேலை பார்க்க வேண்டும். கோடையில் சுற்றுலாக்காரர்கள் ஆறு பேரை ஏற்ற வேண்டும். இறங்கும்போது ஆட்டுத்தோல் பையில் கட்டிய பாலாடைக்கட்டியை ஏற்ற வேண்டும். நொண்டி ஆடு இரண்டு மூன்று எப்போதும் இருக்கும். குளிர்காலத்தில் தெலாவி சந்தைக்கு உருளைக்கிழங்கு. ஊருக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான். ஐந்தாவது ஒன்று இருந்தது. அதற்காகத்தான் அவன் வண்டியே வாங்கினான், மற்ற நான்கும் ஒப்புக்கு.

அவன் மனைவி ஜுஜுனா நான்கு வருடத்துக்கு முன்பு வைக்கோல் போரிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். தெலாவி மருத்துவர் உள்ளே இரும்பு மூட்டு வைத்தார். நடக்கலாம், ஆனால் காலை முழங்காலுக்கு மேல் தூக்கி ஏறக் கூடாது, தாழ்ந்த இருக்கையில் உட்காரக் கூடாது, குலுக்கல் அறவே ஆகாது. துஷெத்திக்குப் போகிற எழுபது கிலோமீட்டரும் குலுக்கலைத் தவிர வேறொன்றும் இல்லை. போன வருடம் பக்கத்து வீட்டு வண்டியில் முயன்று பார்த்தார்கள். பதினான்காவது கிலோமீட்டரில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததில் ரத்தம் வந்துவிட்டது. திருப்பினார்கள்.

இந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் மாவு பிசைந்துகொண்டே சொன்னாள்:

"இந்தக் கோடையில ஷெனாகோ வீட்டைப் பாத்துட்டேன்னா சரி. இல்லன்னா இனிமே கேக்க மாட்டேன் மனுஷா. உன்னைத் தொந்தரவு பண்றது எனக்கே அலுத்துப்போச்சு."

ஷெனாகோதான் மலைக்கு அந்தப்பக்கம் அவர்களுடைய கோடை ஊர். அவள் கேட்காமல் இருப்பாள் என்பதுதான் இமேதாவைப் பயமுறுத்தியது. திருமணமான முப்பத்தொரு வருடத்தில் அவள் எதையும் கேட்காமல் இருந்ததில்லை. கேட்பாள், திட்டுவாள், மறுபடி கேட்பாள். பழைய ஜீப்பில் மடியில் நுரைக்கிற பீர் குடத்தை வைத்துக்கொண்டு, "மெதுவா ஓட்டு, சாமிக்கு வைக்கிறதை நீயே தரைக்கு ஊத்திடாதே" என்று மலை முழுக்கச் சொல்லிக்கொண்டே வருவாள். துணிக்கூரை படபடக்கும். ஈரக் கம்பளியும் பெட்ரோலும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். ஓடை குறுக்கே வரும் இடத்தில் அவன் இறங்கி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவான். அவள் பின்னாலிருக்கும் மகளுக்கு ஓடைத் தண்ணீரில் முகம் கழுவிவிடுவாள். மகள் இப்போது போலந்தில் இருக்கிறாள். அந்த நாட்களில் அவனுக்கு அதெல்லாம் பெரிய விஷயமாகத் தெரிந்ததில்லை. எப்போது போய்ச் சேருவோம் என்றுதான் இருந்தது. இப்போது அந்த வாசனைக்காக எதை வேண்டுமானாலும் கொடுப்பான்.

ஏப்ரல் முழுக்க வண்டி பார்த்தான். கூடவே மெக்கானிக் ஜெமால். இருவரும் ஒரே வகுப்பில் ஒன்றாகத் தோற்றவர்கள். ஜெமாலுக்கு உயரமான வண்டி என்றால் உயிர்.

"இதைப் பாருடா. தரைக்கும் வயித்துக்கும் நடுவுல ஆடு நுழைஞ்சு போகும்."

"ஆடு போகும். ஜுஜுனா ஏறுவாளா?"

"அவளைத் தூக்கி வெச்சுக்கோ. கல்யாணத்தன்னிக்குத் தூக்கினேல்ல?"

"அப்ப எனக்கு இடுப்பு நல்லா இருந்துச்சு. அவளுக்கும்தான்."

கடைசியில் லகோதேகி பக்கத்து ஊர் ஒன்றில் கிடைத்தது, ஜப்பானிலிருந்து வந்த பழைய டீசல் வேன். நான்கு சக்கரத்துக்கும் இழுவை, தனியாக ஒரு லோ கியர். ஸ்டியரிங் வலது பக்கம்; இங்கே மற்ற வண்டிகளுக்கெல்லாம் இடது பக்கம். அபானோவில் அது வசதி; ஓட்டுகிறவனுக்கே பள்ளத்தின் விளிம்பு தெரியும். பக்கக் கதவு சறுக்கித் திறக்கும், வாசல் அகலம். விற்கிறவன் கோச்சா என்று ஒரு கலகலப்பான ஆள். இமேதா கேட்காத கேள்வி இல்லை. டைமிங் பெல்ட் மாற்றி எத்தனை நாள் ஆயிற்று, ஆற்றில் இறங்கியதா, முன் அச்சில் எண்ணெய் கசிகிறதா, குளிர்காலக் காலையில் எத்தனை முறை முக்கும் என்று எல்லாம் கேட்டான். படுத்து அடியில் சுத்தியலால் தட்டித் தட்டித் துரு பார்த்தான். கோச்சா எல்லாவற்றுக்கும் உண்மையே சொன்னான், நல்ல மனிதன். சாயங்காலத்துக்குள் வண்டி இமேதாவுடையது.

பிறகு ஜெமாலின் பட்டறையில் மே மாதம் முழுக்கச் சண்டை.

"அஞ்சு சென்டிமீட்டராவது தூக்குடா. பாறையில வயிறு இடிக்கும்."

"அடியில இரும்புத் தகடு போடு. இடிச்சா இடிக்கட்டும்."

"அப்ப பெரிய சேத்து டயராவது?"

"அது கல்லு மேல உருளைக்கிழங்கு மாதிரி உருளும், சத்தம் வேற. பக்கச்சுவர் உயரமா இருக்கற சாதா மலை டயர் போடு. அடிவாரத்துல காத்தைப் பாதியாக் குறைச்சுக்குவேன். அந்த மெத்தை போதும்."

"மேல கேரியர்?"

"வேண்டாம். மேல பாரம் ஏத்தினா வளைவுல ஆடும். ஆடினா அவளுக்கு வலிக்கும்."

"டேய், நீ வண்டி கட்டறியா, தொட்டில் கட்டறியா?"

அப்படிக் கேட்ட ஜெமால் மறுநாள் தானே ஒரு பொருளோடு வந்து நின்றான். உடைத்துப் போட்ட நகரப் பேருந்தின் டிரைவர் இருக்கை. அடியில் பெரிய சுருள், அதிர்ச்சி தாங்கும் தண்டு, ஆள் எடைக்கு ஏற்ப முறுக்க ஒரு திருகு. ரோடு குதித்தாலும் உட்கார்ந்திருப்பவர் லேசாக மிதப்பார். அதற்குக் கோண இரும்பில் கால் அடித்து, கதவை ஒட்டி நான்கு போல்ட்டில் நிறுத்தினார்கள். கதவுக்குக் கீழே மடித்து எடுக்கிற இரண்டு படி. பின்பாதியில் சுற்றுலாக்காரர்களுக்கு மடக்கு பெஞ்சு. மடக்கினால் ஆட்டுக்கும் பாலாடைக்கட்டிக்கும் வெறும் தகரத் தரை. ஜுஜுனா வந்து பார்த்தாள். இரண்டு படி ஏறினாள், உட்கார்ந்தாள், திருகைத் தானே முறுக்கி மேலும் கீழும் ஆடிப் பார்த்தாள்.

"பஸ் டிரைவர் சம்பளம் எனக்கும் வருமா?" என்று கேட்டாள்.

நான்கு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து இமேதா பார்க்கவில்லை. தனியாகப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தான்.

அபானோவின் பனியை புல்டோசர் வெட்டித் திறக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தபோது, ஜெமால் பின்பக்கத் தகரத்தில் வடிகால் துளை போடுவதற்காக மூலையிலிருந்த பழைய ரப்பர் விரிப்பைக் கிளப்பினான். கிளப்பியவன் அப்படியே குந்தியிருந்தான்.

"இமேதா. இங்க வா."

விரிப்புக்கு அடியில் முடி. தடித்த, வெளிறிய, குத்துகிற முடி. இருவருமே பிறந்ததிலிருந்து ஆட்டோடு புழங்குகிறவர்கள். அது ஆட்டு முடி இல்லை என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. இமேதா கோச்சாவுக்குப் போன் போட்டான்.

"ஆமா அண்ணே, பன்னிதான்," என்றான் கோச்சா சந்தோஷமாக. "ஏழு வருஷம் சந்தைக்கு அதுலதான் ஏத்தினேன். ஒரு தடவைக்குப் பத்து. மூச்சு முட்டாம இழுக்கும். உங்களுக்கும் நல்லா உழைக்கும், பாருங்க."

துஷெத்திக்குள் பன்றி போகக் கூடாது. கறியாகவோ கொழுப்பாகவோ கூடாது, தோல் செருப்பாகவும் கூடாது. அதை ஏற்றிய வண்டியும் கணவாயைத் தாண்டக் கூடாது. மலைச் சாமிகளுக்கு ஆகாது; தாண்டியவர்களை ரோடு வாங்கிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. இங்கே பழைய வண்டி வாங்குகிறவன் இன்ஜினைத் திறப்பதற்கு முன்னால் கேட்கிற முதல் கேள்வி, இதில் என்ன ஏற்றினீர்கள் என்பதுதான். இமேதா அதை மட்டும் கேட்கவில்லை. படியின் உயரத்தையும் இருக்கையின் அகலத்தையும் ஜுஜுனாவின் காலையும் நினைத்துக்கொண்டே நின்றதில் அந்தக் கேள்வி மனதுக்கு வரவே இல்லை.

"வித்துடு," என்றான் ஜெமால். "வேற பாக்கலாம்."

"எப்ப? அடுத்த கோடைக்கா? அவ கேக்கறதை நிறுத்தின பிறகா?"

இமேதா அன்றைக்கே வண்டியின் உள்ளே வெந்நீர் ஊற்றினான், சோடா போட்டுத் தேய்த்தான், வினிகர் ஊற்றினான். அடுத்த நாளும் தேய்த்தான். அதற்கடுத்த நாள் பெயிண்ட் அடித்தான். ஜுஜுனா ஜன்னல் வழியாகப் பார்த்து, "வண்டியைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி குளிப்பாட்டறான்" என்று தம்பியிடம் போனில் சொன்னது அவன் காதில் விழுந்தது. தேய்க்கிற கை நின்றுவிட்டது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வேளை சாப்பாட்டிலும் நினைத்தான். அவளோ மேலே கொண்டுபோக வேண்டிய சாமான்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்: தேயிலை, உப்பு, மெழுகுவத்தி, பால்கனிக்குப் புது விரிப்பு. விழுங்கிவிட்டு எழுந்து போனான்.

ரோடு திறந்த முதல் நாள் விடிந்ததும் கிளம்பினார்கள். முன்னால் ஜுஜுனாவின் தம்பி பக்கூரி, நடக்கச் சக்தியில்லாத ஆடுகளோடு தன் லாரியில் போனான். அபானோவில் யாரும் தனியாக ஏறுவதில்லை. அடிவாரத்தில் இமேதா டயர் காற்றைப் பாதியாகக் குறைத்தான். போட்ட கணக்கு எதுவும் பிசகவில்லை. வண்டி ஆடவில்லை, தகடு இரண்டு இடத்தில் இடித்தது, இருக்கை மிதந்தது. பதினான்காவது கிலோமீட்டரைத் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மனுஷா, எனக்கு வலிக்கல."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். ஒவ்வொரு திருப்பத்திலும், ரோடு வாங்கிக்கொண்டவர்களின் நினைவுக் கல் ஒன்று நின்றது. இதுவரை எத்தனையோ முறை கடந்த கற்கள்தான். இன்றைக்கு ஒவ்வொன்றும் அவனை ஏறிட்டுப் பார்ப்பதாகத் தோன்றியது. தான் மட்டும் என்றால் ஒன்றும் வராது என்று தைரியம் சொல்லிக்கொள்ளலாம். பின்னால் உட்கார்ந்திருப்பவளை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்லிக்கொள்வது?

கணவாயின் உச்சியில் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனிச்சுவர். எல்லோரும் நிறுத்துகிற இடம். ஜுஜுனா இரண்டு படி இறங்கி, கோலை ஊன்றி விளிம்பு வரை நடந்து, அந்தப்பக்கம் கீழே பார்த்தாள். பச்சையாக, மேகநிழல் ஊர்ந்துகொண்டு துஷெத்தி முழுக்கத் தெரிந்தது. பிறகு திரும்பி வந்து துணியை விரித்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்தாள். பக்கூரி சின்னக் கோப்பைகளில் சாச்சா என்கிற திராட்சைச் சாராயம் ஊற்றினான். கணவாயில் முதல் வார்த்தை வண்டி ஓட்டி வந்தவனுடையது. ரோட்டில் உயிர் போனவர்களை நினைத்து, சுத்தமாக வந்தோம், சுத்தமாக உள்ளே விடு என்று சொல்லிக் குடிக்க வேண்டும். பழைய ஜீப்பின் காலத்திலிருந்து இமேதா சொல்லி வருகிற வார்த்தைதான்.

கோப்பையைத் தூக்கினான். ரோட்டில் போனவர்களைச் சொன்னான். அதற்கு மேல் வரவில்லை.

"என்ன, மறந்துட்டியா?" என்றாள் ஜுஜுனா.

"ஜுஜுனா, இந்த வண்டியில பன்னி ஏத்தியிருக்காங்க. ஏழு வருஷம்."

பக்கூரி கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"பன்னிரண்டு நாளா."

"பன்னிரண்டு நாளு. எதிர்ல உக்காந்து என் கையால சாப்பிட்டிருக்க."

"கழுவினேன். மூணு தடவை கழுவினேன். யாருக்கும் தெரியாது, ஜெமாலைத் தவிர. அவன் சொல்ல மாட்டான்."

"எனக்குத் தெரியுமே இப்ப."

"சரி, தெரியும். என்னைத் திட்டு. வீட்டுக்குப் போய்த் திட்டு. இன்னும் இருபத்தஞ்சு கிலோமீட்டர்தான். நீ பால்கனியில உக்காந்தப்புறம் வண்டியை நானே இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டுடறேன்." அவன் கோப்பையைத் துணி மேல் வைத்தான். "உன்னை எப்படியாவது கொண்டுபோய்ச் சேத்துடணும்னுதான். வேற ஒண்ணும் தோணல எனக்கு."

அவள் அவனைப் பார்க்காமல் கீழே துஷெத்தியைப் பார்த்தாள். பார்த்த பார்வையில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது. ஒரு நிமிடம் அவள் சரி என்று சொல்லிவிடுவாள் என்றே இமேதா நினைத்தான். சொல்லியிருந்தால் அவனும் ஓட்டியிருப்பான்.

"எங்கப்பா இந்த இடத்துல செருப்பைக் கழட்டித் தட்டிட்டுத்தான் இறங்குவார்," என்றாள். "நான் இதுல போக மாட்டேன். திருப்பு."

"அக்கா, லாரியில வாயேன்," என்றான் பக்கூரி.

"உன் லாரி படி என் நெஞ்சு வரைக்கும் நிக்குது. ஏறினாலும் அதுல குலுங்கினா இரும்பு மூட்டு தனியா வந்து விழும்."

மூவரும் நின்றார்கள். லாரியில் ஓர் ஆடு கத்தியது. ஜுஜுனா வேனின் திறந்த கதவுக்குள் பார்த்தாள்.

"அந்த இருக்கை பன்னிக்காரன் வெச்சதா?"

"இல்ல. பஸ்ஸுல இருந்தது. நாங்க வெச்சது."

"கழட்டு."

இமேதாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் ஸ்பானர் பெட்டியைத் தேடி ஓடினான். பக்கூரி தலையைச் சொறிந்தான்.

"அக்கா, அது அந்தத் தரையிலதானே நின்னுச்சு."

"நீ ஈஸ்டருக்குப் பன்னித் தொடையைக் கடிச்சுக்கிட்டு நின்னதை நான் பாத்தேன். உன்னையே சாமி உள்ள விடுது. இதோட காலைப் பனியில கழுவி எடுத்துக்கிட்டு வா."

பக்கூரி மறுபேச்சு பேசாமல் கழுவினான். விரல் விறைத்துப்போகிற வரை கழுவ வைத்தாள். லாரியின் பின்பக்கம் ஆடு ஏற்றுகிற சாய்வுப் பலகை இருந்தது. ஆடுகளை ஒதுக்கி, டிரைவர் அறையின் முதுகுச் சுவரை ஒட்டி இருக்கையை வைத்தார்கள். அங்கேதான் குலுக்கல் குறைவு, சாய்ந்துகொள்ளவும் இடம். லாரியின் தரைப்பலகையில் கைத் துரப்பணத்தால் துளை போட்டு நான்கு போல்ட்டையும் இறுக்கி, இமேதா தன் முழு எடையையும் போட்டு ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை.

"ஒண்ணுதான் அக்கா," என்றான் பக்கூரி. "பின்பக்கம் பாத்துதான் உக்காரணும். ஊரைப் பாக்க முடியாது."

"ஊரு எங்கயும் ஓடிடாது. இந்த மனுஷனைப் பாத்துக்கிட்டே போறேன். கோபம் கொஞ்சமாவது ஆறட்டும்."

ஆடுகள் ஏறுகிற பலகையில், ஒரு கை கோலிலும் ஒரு கை இமேதாவின் தோளிலுமாக ஏறினாள். அவன் அவளைச் சுற்றிக் கம்பளியைச் சொருகினான். அவனும் கூடப் போக முடியாது. பனிச்சுவர்களுக்கு நடுவே ஒரு வண்டிக்குத்தான் வழி. பின்னால் வேறு வண்டிகள் ஏறிவரும் சத்தம் கேட்டது. வேனை அங்கே விட முடியாது.

"கீழ போனதும் இதை வித்துடு," என்றாள். "வேற வண்டியில ஏறி வா. என்ன ஏத்தினாங்கன்னு கேட்டுட்டு ஏறு."

"வரேன்."

"சீக்கிரம் வா. அடுப்பு மூட்ட ஆள் வேணும்."

லாரி இறங்க ஆரம்பித்தது. இமேதா விளிம்பில் நின்றான். முதல் வளைவு ரொம்பப் பக்கத்தில் இருந்தது, முகம் தெளிவாகத் தெரிந்தது. அவள் இவனைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பக்கவாட்டில் எதையோ பார்த்தாள். சரிவில் பூத்திருந்த மஞ்சள் பூவாக இருக்கலாம், தண்ணீர் இறங்குகிற இடமாக இருக்கலாம். முறைப்பு போய்விட்டது. கண் விரிந்து, வாய் கொஞ்சம் திறந்து, தலைத்துணி நழுவியது தெரியாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு பாறையைக் கண்டதும் சிரித்தாள். எதற்கென்று அவனுக்குத் தெரியவில்லை.

விழுவதற்கு முன்னால் இருபத்தேழு கோடை அவளை இந்த வழியில் அவன்தான் ஏற்றி வந்திருக்கிறான். கல்லையும் வளைவையும் பள்ளத்தையும் பார்த்துப் பார்த்து ஓட்டினான். கண்ணை எடுத்தால் போச்சு. பக்கத்தில் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஊருக்குப் போகும் வழியில் அவள் முகம் இப்படி ஆகும் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. வேனை எடுத்துத் திருப்பினால்தான் அவர்களுக்கு வழி. இமேதா கையைத் தூக்கி, ஒரு நிமிஷம் பொறுங்கள் என்று காட்டிவிட்டு, லாரி அடுத்த வளைவில் வெளியே வருகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.